ஆட்சேபிக்கும் உரிமை

ஓர் அரசு அண்டை நாட்டின் செயலால் தனக்குத் தீங்கு நேருமென்று ஆட்சேபித்தால் அதனை இராஜதந்திரம் என்கிறோம். அதே செயலை அம்மண்ணில் வாழும் மீனவன் ஆட்சேபித்தால் கலகம் என்கிறோம். அறத்தின்படி இவ்விரண்டுக்கும் வேற்றுமை உண்டா?

சிலாபத்துக்குத் தெற்கே இரணவில என்றொரு மீனவர் கிராமம் இருக்கிறது. 1983இல் இலங்கை அரசு ‘அமெரிக்காவின் குரல்’ வானொலியுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவாக, பெரியதொரு மறுஒலிபரப்பு நிலையத்துக்கு அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒலிபரப்பென்ற போர்வையில் உளவு நடைபெறுமோ எனப் புதுடில்லி ஐயுற்றது. அந்த ஐயத்திற்கு மதிப்பும் கிடைத்தது. 1987 ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், அந்நிய ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவத்துக்கோ உளவுக்கோ பயன்படாதவாறு உடன்படிக்கைகள் மீளாய்வு செய்யப்படும் என்ற வாசகம் ஏறிற்று.

மீனவருக்கும் ஐயமிருந்தது. நிலம் போகும், தொழில் கெடும், மின்காந்த அலைகள் உடலைத் தாக்கும் என அஞ்சினர். கத்தோலிக்கத் திருச்சபையினரும் அவர்கள் பக்கம் நின்றனர். அந்த அச்சங்கள் அனைத்தும் விஞ்ஞான ஆதாரம் உள்ளவையா என்பது வேறு விடயம்; டில்லியின் ஐயத்துக்கு மட்டும் எவர் ஆதாரம் கேட்டார்? தொண்ணூறுகளில் நிலையம் எழுந்தது.

சிறிய நாட்டுக்கு இதைவிட வேறு வழியில்லை என்பார்கள். ஆனால் இதே சிறிய நாடுதான், சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சியில், இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டுமென ஐக்கிய நாடுகள் சபையில் வாதாடியது. 1971 டிசம்பரில் 61 நாடுகள் ஆதரித்தன; எதிர்த்தவர் இல்லை; 55 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. ஒதுங்கியோரில் அமெரிக்காவும் உண்டு, சோவியத் யூனியனும் உண்டு. பின்னதை நம்மவர் அதிகம் பேசுவதில்லை.

இரணவில நிலையம் 2016இல் ஓய்ந்தது. 2020இல் அக்கட்டடங்கள் கொரோனா நோயாளருக்குச் சிகிச்சை நிலையமாயின. அதே மாவட்டத்தின் நுரைச்சோலையில் சீனக் கடனில் எழுந்த அனல்மின் நிலையம் இன்று புகைகிறது. வல்லரசின் பெயர் மாறினும் கரையோர மக்களைக் கேளாத வழக்கம் மாறவில்லை.

2024 ஆகஸ்ட் 30இல் இந்தியா, இலங்கை, மாலைதீவு, மொரிசியஸ் ஆகிய நாடுகள் கொழும்புப் பாதுகாப்பு மாநாட்டின் சாசனத்தில் கையெழுத்திட்டன. கடற்பாதுகாப்பு அதன் முதன்மையான பணிகளுள் ஒன்று. நாடுகள் ஒன்றுகூடுவதை நாம் வெறுக்க வேண்டியதில்லை. கடத்தலையும் புயலையும் தனித்து நின்று எந்த நாடும் சமாளிக்க இயலாது. ஆயினும் இத்தகைய சாசனங்கள் கையெழுத்தாகுமுன், சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள மீனவர் சங்கங்களின் முன் சிங்களத்திலும் தமிழிலும் வாசிக்கப்பட வேண்டும். அவர்களுடைய ஆட்சேபங்களும் டில்லியின் ஆட்சேபத்தைப் போலவே எழுத்தில் ஏற வேண்டும்.