நள்ளிரவில் தட்டியவர்கள்



இன்றைய நற்செய்தி லூக்கா 11ஆம் அதிகாரம். நள்ளிரவில் நண்பனின் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பம் கடன் கேட்கிற மனிதனின் உவமை. கேட்கிறவருக்குக் கிடைக்கும், தட்டுகிறவருக்குத் திறக்கும் என்கிறார் ஆண்டவர். இதை நான் வாசிக்கும்போது உங்களில் சிலர் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். சகாய மாதா நவநாள் பெட்டியில் விழும் சீட்டுகளைப் படிப்பவன் நான். நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள், நாலாக மடித்தது. "மகளுக்குக் குழந்தை பாக்கியம் கொடும் தாயே." வருடக்கணக்கில் அதே கையெழுத்து, அதே வேண்டுதல். பேனா மை மட்டும் மாறியிருக்கும்.

அந்தக் கையெழுத்துக்கு உரியவருக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

இங்கே புனேயிலிருந்து ஊருக்குப் போகச் சென்னை வண்டி ஏறுகிறோம் அல்லவா, நகரத்தைத் தாண்டி, தௌண்ட் வருவதற்கு முன்னால் கேட்காவ் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். பெரும்பாலான எக்ஸ்பிரஸ் வண்டிகள் அங்கே நிற்காது. பண்டித ரமாபாய் உருவாக்கிய முக்தி இல்லம் அந்த ஊரில்தான் இருக்கிறது. அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் செபத்தைப் பற்றிப் பேச, இந்த மண்ணில் அவரைவிடத் தகுதியானவர் எனக்குத் தோன்றவில்லை.

1858இல் பிறந்தவர். கோயில் கோயிலாகப் புராணம் வாசித்துப் பிழைத்த பிராமணக் குடும்பம். 1870களின் பஞ்சத்தில் கையிருப்பெல்லாம் தீர்ந்து, காட்டில் தண்ணீரும் இலைகளும் ஒரு கைப்பிடி காட்டு ஈச்சம்பழமும் தின்று நாள்களைக் கடத்தினார்கள். உருகி உருகி வேண்டியவர்கள்தாம். தகப்பன் போனார், தாய் போனார், அக்காவும் போனார். 1880இல் அண்ணன் இறந்தார். 1882இல் காலரா கணவரைக் கொண்டுபோனது. மகள் மனோரமாவுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. கைக்குழந்தையோடு புனே வந்தார். மருத்துவம் படிக்க வேண்டுமென்று 1883இல் இங்கிலாந்து போனார். காது கேட்பது குறைந்துகொண்டே வந்ததால் அந்தக் கதவும் அடைபட்டது. திருமுழுக்குப் பெற்றது அந்த ஆண்டில்தான். அடைபட்ட கதவின் முன்னால் நின்றுகொண்டுதான் அவர் கிறிஸ்துவை ஏற்றார்.

1896இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது ரமாபாய் நேரில் போனார். எலும்பும் தோலுமாகக் கிடந்த சிறுமிகளையும் இளம் விதவைகளையும் நூற்றுக்கணக்கில் அழைத்துவந்தார். புனேயில் பிளேக் பரவியது. அவர்களை இங்கே வைத்துக்கொள்ள முடியவில்லை. கேட்காவ் நிலத்தில் குடிசை போட்டார். சில ஆண்டுகளில் அங்கே சுமார் 2,000 பேர் சாப்பிட்டார்கள்.

'பார்த்தீர்களா, இதற்காகத்தான் கடவுள் அவர் பெற்றோரைப் பஞ்சத்தில் எடுத்துக்கொண்டார்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளையை இழந்த தாயிடம் போய் அப்படிப் பேசுவதைச் சாவு வீடுகளில் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து பேசாதீர்கள். தன் நண்பன் லாசரை இழந்து அழுதவர்களைக் கண்ட ஆண்டவரே அழுதார்.

நான் சொல்லத் துணிவது இவ்வளவுதான்: இலை தின்ற அந்தப் பெண்ணைக் கடவுள் கைவிடவில்லை. அவர் கேட்டதெல்லாம் கிடைத்தது என்பதால் அல்ல, கிடைக்கவில்லை. 1921இல், தமக்குப் பின் இல்லத்தை நடத்துவாள் என்று நம்பியிருந்த மனோரமாவும் தாய்க்கு முன்பே இறந்துபோனார். காது கேளாத அந்த வயதான தாய் மராத்தி விவிலிய மொழிபெயர்ப்பைக் கைவிடவில்லை. அதை முடித்துவிட்டு, 1922 ஏப்ரலில் கண்மூடினார். அப்படி ஒருவரை உட்காரவைத்து எழுதவைத்தது எது? நற்செய்தியின் கடைசி வரியை மறுபடி பாருங்கள். வானகத் தந்தை கேட்பவர்களுக்குத் தூய ஆவியைத் தருவார் என்றுதான் லூக்கா முடிக்கிறார். கேட்ட பொருள் வராத வீட்டுக்கும் அவர் தம்மையே தருகிறார்.

இன்னொன்றும் உண்டு. அந்த நள்ளிரவு மனிதன் தன் பசிக்காகக் கேட்கவில்லை. வழிப்பயணத்தில் வந்து சேர்ந்த விருந்தாளிக்காகக் கேட்டான். ரமாபாயும் அப்படித்தான் தட்டினார்.

நம்முடைய ஆண்டவரும் கெத்சமனியில் கேட்டார். துன்பக் கிண்ணம் அகலவில்லை. பிதாவுக்கு மகன்மேல் அன்பு குறைந்ததாக யாராவது சொல்வோமா? திருப்பாடல் 88ஐ எடுத்து வாசியுங்கள். முறையீட்டில் தொடங்கி இருளிலேயே முடிகிறது; ஆறுதலாக ஒரு கடைசி வரிகூடக் கிடையாது. அதைத்தான் திருச்சபை வெள்ளிதோறும் உறங்கப்போகும் முன் சொல்லும்படி குருக்களுக்கும் துறவியருக்கும் கொடுத்திருக்கிறது. கோபத்தோடு செபிப்பதும் செபம்தான், கண்ணீர் வற்றிப்போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பதும் செபம்தான்.

ஆகவே கட்கியிலிருந்தும் தேஹு ரோட்டிலிருந்தும் பஸ் மாறி வருகிற என் மக்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். வேண்டுதல் கைகூடாத வீடு உங்கள் தெருவில் இருந்தால், 'விசுவாசம் போதவில்லை' என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். ஒரு வேளைச் சோறு கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். அந்த வீடே உங்களுடையதாக இருந்தால், சீட்டு எழுதுவதை நிறுத்தாதீர்கள். எழுத மனம் வராத வாரத்தில் வெறும் தாளை மடித்துப் போடுங்கள். புதன்கிழமை நவநாள் முடிந்ததும் நான் கோயிலில்தான் இருப்பேன். வாருங்கள், சேர்ந்து செபிப்போம்.