கழுத்தைக் கொடுப்பது

புரோ ரெஸ்லிங்கில் ஒரு ஆளைத் தூக்கிப் போடுவது ஒரு ஆளால் ஆகிற காரியம் இல்லை. நூறு கிலோ எடையுள்ள உடம்பைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்து, தலைக்கு மேலே கொண்டுபோய், அப்படியே பின்னால் சாய்ந்து தரையில் போட வேண்டும். தூக்கப்படுகிறவர் முரண்டு பிடித்தால் எவ்வளவு பெரிய பலசாலியாலும் தினமும் இதைச் செய்ய முடியாது. சரியான நொடியில் அவர் ஒரு சின்னக் குதி குதித்துக் கொடுக்க வேண்டும். காற்றில் இருக்கும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மேல்முதுகும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் தரையில் அறைகிற மாதிரி விழ வேண்டும். இப்படி விழுகிற வித்தைக்கு ஜப்பானில் உகேமி என்று பெயர். ஜூடோவிலும் இதே சொல்தான். பயிற்சிக்கு வரும் பையன்கள் அடிக்கக் கற்பதற்கு முன் விழக் கற்கிறார்கள்.

"அட, அதெல்லாம் செட்டப்புப்பா" என்று சொல்கிறவர்களுக்கு இது வசதியான சாட்சி. செட்டப்புதான், மறுக்கவில்லை. யார் ஜெயிப்பது என்பது ரிங்குக்குள் போவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். ட்ரம்ப் கார்டில் அண்டர்டேக்கரின் எடையை மனப்பாடம் செய்த தலைமுறையில் முக்கால்வாசிப் பேருக்கு, இது தெரிந்த நாளோடு ரெஸ்லிங் முடிந்துபோனது. எனக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் நம்பி, சேர்ந்து செய்கிற ஒரு காரியத்தில் ஒருத்தர் செத்துப்போகிறார். அப்படின்னா, அதற்குப் பொறுப்பு யார்?

2009 ஜூன் 13, சனிக்கிழமை ராத்திரி. ஹிரோஷிமாவில் புரோ ரெஸ்லிங் நோவா நிறுவனத்தின் போட்டி. மிட்சுஹாரு மிசாவாவும் இளைஞரான கோ ஷியோசாகியும் ஒரு பக்கம். அகிதோஷி சைட்டோவும் அமெரிக்கரான பைசன் ஸ்மித்தும் மறுபக்கம். டேக் டீம் பட்டத்துக்கான ஆட்டம். சைட்டோ மிசாவாவைப் பின்னாலிருந்து பிடித்து பேக்டிராப் போட்டார். மேலே சொன்ன அதே வீச்சு. மிசாவா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான தடவை வாங்கியிருப்பார். இந்தத் தடவை எழவில்லை. நகர முடிகிறதா என்று நடுவர் கேட்டார். முடியவில்லை என்று சொன்னதுதான் கடைசி; அப்புறம் நினைவு தப்பிவிட்டது. ரிங்கிலேயே நெஞ்சை அமுக்கி உயிரூட்டப் பார்த்தார்கள். கூட்டம் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஹிரோஷிமா பல்கலைக்கழக மருத்துவமனையில் ராத்திரி 10:10-க்கு இறந்தார். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டிருந்தது. 47 வயது நிறைய ஐந்து நாள் இருந்தது.

யார் இந்த மிசாவா என்று கேட்பவர்களுக்காக அவர் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கேட்கும் கேள்விக்கும் அது தேவை.

1981-ல் ஜயன்ட் பாபாவின் ஆல் ஜப்பான் நிறுவனத்தில் அறிமுகமானார். 1984-ல் மெக்சிகோவில் பயிற்சியில் இருந்தவரைத் திருப்பி அழைத்து முகமூடி மாட்டிவிட்டார் பாபா. டைகர் மாஸ்க் என்பது ஜப்பானியக் குழந்தைகளுக்குத் தெரிந்த காமிக்ஸ் நாயகன். முதல் டைகர் மாஸ்க்காக ஏற்கெனவே வேறொருவர் நடித்துப் பெரும்புகழ் பெற்றிருந்தார், மிசாவா இரண்டாமவர். இன்னொருத்தர் போட்ட சட்டையை ஆறு வருஷம் போட்டுக்கொண்டிருந்தார் என்று வையுங்கள். 1990-ல் நிறுவனத்தின் பெரிய நட்சத்திரமான டென்ரியூ வெளியேற, காலி இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. மே 14 அன்று ஆட்டத்தின் நடுவில் தன் முகமூடியின் முடிச்சை அவிழ்க்கச் சொன்னார் மிசாவா. அவிழ்த்தவர் தோஷியாகி கவாடா, பள்ளியில் அவருக்கு ஒரு வருஷம் ஜூனியர். அடுத்த மாதம் ஜூன் 8-ல், டோக்கியோ புடோகான் அரங்கில், அசைக்க முடியாதவர் என்று பேரெடுத்த ஜம்போ ட்சுருட்டாவை மிசாவா ஜெயித்தார். அரங்குக்கு வெளியே ரசிகர்கள் அவர் பேரைக் கோஷம் போட்டதைக் கேட்டு பாபா அன்றைக்கே முடிவை மாற்றினார் என்று ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, அந்தக் கதை ரசிகர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நாம் கத்தினால் முடிவு மாறும் என்பதை யார்தான் நம்ப விரும்ப மாட்டார்கள்?

ஏறக்குறைய அதே காலத்தில் பாபா இன்னொன்றும் செய்தார். ரிங்குக்கு வெளியே எண்ணி முடிப்பது, தகுதியிழப்பு என்ற மழுப்பல் முடிவுகளைக் கைவிட்டார். இனி முக்கியமான ஆட்டங்கள் ரிங்குக்குள், தோளை மூன்று எண்ணும்வரை தரையில் அழுத்தியே முடியும். ரசிகர்களுக்குச் செய்த நியாயம் இது. ஏமாற்று வேலை கிடையாது, கொடுத்த காசுக்கு முழு ஆட்டம். ஆனால் இதற்கு ஒரு கணக்கு உண்டு. போன ஆட்டத்தில் எந்த வீச்சு ஒருத்தரை முடித்ததோ, அடுத்த ஆட்டத்தில் அதே வீச்சை வாங்கிவிட்டு இரண்டு எண்ணும்போது தோளைத் தூக்கினால் அரங்கம் கூரை பறக்கக் கத்தும். அப்புறம் அது முடிக்கிற வீச்சு இல்லை. அதைவிடப் பெரியது வேண்டும். மிசாவா, கவாடா, கென்டா கோபாஷி, அகிரா தாவே ஆகிய நால்வரும் தொண்ணூறுகள் முழுக்க இந்தப் படிகளில் ஏறிக்கொண்டே போனார்கள். ஏற ஏற, விழுவது முதுகிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து கழுத்துக்கும் நகர்ந்தது.

1994 ஜூன் 3, புடோகானில் மிசாவா - கவாடா ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்திலேயே சிறந்த ரெஸ்லிங் ஆட்டம் என்று பலர் சொல்வார்கள்; என் வோட்டும் அதற்குத்தான். 35 நிமிடத்துக்கு மேல் போகிறது. கடைசியில் மிசாவா ஒன்று போடுகிறார், டைகர் டிரைவர் '91. எதிராளியைக் குனியவைத்து, இரண்டு கைகளையும் பின்பக்கமாக மடக்கிக் கோர்த்துக்கொண்டு, தலைகீழாகத் தூக்கி, கோர்த்த கையை விடாமல் இறக்குவது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உகேமிக்குக் கை வேண்டும், கைதான் தரையை அறைந்து அடியைப் பரப்பும். இந்த வீச்சில் கை இரண்டும் எதிராளியிடம் இருக்கிறது. அதாவது விழுகிறவரிடமிருந்து விழும் வித்தையையே பிடுங்கிவிட்டுப் போடுகிற வீச்சு இது. மிசாவா அதை மிக அரிதாகத்தான் பயன்படுத்தினார். அரிதாகப் பயன்படுத்தியதால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கே ரொலான் பார்த்திடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அவருடைய 1957-ஆம் ஆண்டுப் புத்தகத்தின் முதல் கட்டுரையே ரெஸ்லிங் பற்றியதுதான். ரெஸ்லிங் விளையாட்டு இல்லை, காட்சி. போட்டி நிஜமா என்பது கூட்டத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. வேதனையின் அடையாளம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் போதும், வேதனை தேவையில்லை என்பது அவர் வாதம். பாரிஸின் மங்கலான அரங்குகளுக்கு அது சரியாக இருந்திருக்கலாம். புடோகானில் பொருந்தாது. அங்கே பகை பொய், முடிவு பொய், கழுத்து நிஜம். கூட்டமும் அதைத் தெரிந்தேதான் கத்தியது. 'நடிக்கிறான்' என்று நினைத்தவர்கள் இல்லை அவர்கள். 'நமக்காக நிஜமாகவே விழுகிறான்' என்று தெரிந்த கூட்டம் போடும் சத்தம் வேறு மாதிரி இருக்கும். யூட்யூபில் கேட்டுப் பாருங்கள்.

சைட்டோவிடம் வருகிறேன். ஹிரோஷிமாவுக்கு அடுத்த நாள் ஹகாட்டாவில் ஏற்கெனவே அறிவித்திருந்த போட்டி, அதை ரத்து செய்யவில்லை. சைட்டோ வந்தார். மிசாவாவின் படத்துக்கு முன்னால் தலை தரையில் படும்படி மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்.

தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-ல் 'மாரல் லக்' என்ற கட்டுரையில் ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றிப் பேசுகிறார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, ஆனால் அவர் லாரியில் ஒரு குழந்தை அடிபட்டுப் போகிறது. பக்கத்தில் நின்று பார்த்தவருக்கும் வருத்தம்தான். ஓட்டுநரின் வருத்தம் அந்த ரகம் இல்லை, அது செய்தவனின் வருத்தம். நாம் அவரிடம் போய் "உன் தப்பு இல்லப்பா" என்று ஆறுதல் சொல்வோம். சொல்லவும் வேண்டும். ஆனால் அவர் அதை உடனே ஏற்றுக்கொண்டு, "ஆமா, என் தப்பு இல்லைதான்" என்று சாயங்காலமே சாதாரணமாகிவிட்டால் நமக்கு என்னவோ போல இருக்கும். இதைத்தான் வில்லியம்ஸ் கவனிக்கிறார். சைட்டோ மண்டியிட்டதை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். குற்றவாளி என்பதால் மண்டியிடவில்லை. அவர் கைகள் அந்த உடம்பைப் பிடித்திருந்தன. இன்னொருத்தர் கைகள் இல்லை. அதை நாகரிகமாக மறைத்துப் பேசுவது அவருக்கே செய்கிற அவமரியாதை.

ஆனால் லாரி உவமை ஒரு இடத்தில் உடைகிறது. குழந்தை லாரியிடம் எதையும் கேட்கவில்லை. மிசாவா கேட்டார். தூக்கும்போது குதித்துக் கொடுத்தார். அவர் சம்மதம் அந்த ஒரு வீச்சுக்கு மட்டுமானது இல்லை, 28 வருஷமாகக் கொடுத்து வந்த சம்மதம். அவர் கழுத்து நீண்ட காலமாகவே மோசமாக இருந்தது. கவாடா போட்ட பேக்டிராப்கள், கோபாஷி போட்டவை, பேர் தெரியாத ஊர்களில் பேர் தெரியாத ராத்திரிகளில் வாங்கியவை. ஒவ்வொன்றும் ஒரு தவணை என்று வைத்துக்கொண்டால், கடைசித் தவணை சைட்டோவின் கையில் விழுந்தது. ரசீது அவர் பேரில். தவணைகளைப் பல பேருக்குப் பிரிக்கலாம். சாவைப் பிரிக்க முடியாது. அது யாரோ ஒருத்தர் கையில்தான் முடியும். எந்த வீச்சு எவ்வளவு கெடுதல் செய்தது என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்பதால்தான் மற்றவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போக முடிகிறது. மற்றவர்கள் என்பதில் படியேறச் சொல்லிக் கத்திய கூட்டமும் சேர்த்தி. இருபது வருஷம் கழித்து லேப்டாப்பில் அந்த 1994 ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிற நானும் சேர்த்தி.

"அவரே சம்மதிச்சார், அப்புறம் என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான். சம்மதத்துக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால், வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். மிசாவாவுக்கு இருந்ததா? பாபா 1999 ஜனவரியில் இறந்தார். மிசாவா தலைவரானார். பாபாவின் மனைவியோடு ஒத்துப்போகவில்லை. 2000-ல் வெளியேறி நோவாவைத் தொடங்கியபோது ஆல் ஜப்பானின் ஜப்பானிய வீரர்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் அவர் பின்னால் போனார்கள். கவாடாவும் மசநோபு ஃபுச்சியும் மட்டும் மிஞ்சினார்கள். அத்தனை குடும்பங்களின் சம்பளம் இவர் தலையில். 2009 மார்ச்சோடு நிப்பான் டிவி நோவாவின் ஒளிபரப்பை நிறுத்திவிட்டது. டிவி போன கம்பெனிக்கு டிக்கெட்தான் வரும்படி. டிக்கெட் விற்க மிசாவா என்ற பேர் போஸ்டரில் வேண்டும். ஒரு சாதாரண வீரருக்குக் கழுத்து சரியில்லை என்றால் "ரெஸ்ட் எடு" என்று முதலாளி சொல்லலாம். முதலாளியிடம் அதை யார் சொல்வது? கழுத்தைக் கொடுக்கிறவரும் அதைக் கேட்கிறவரும் ஒரே ஆள். இதில் 'வேண்டாம்' என்ற சொல் எந்த வாயிலிருந்து வரும்?

அதற்காக அவரைப் பரிதாபத்துக்குரியவராக ஆக்கவும் மனம் வரவில்லை. 2003 மார்ச் 1 அன்று, புடோகானில், ரிங்குக்கு வரும் உயரமான பாதையிலிருந்து கீழே தரைக்கு கோபாஷியைத் தூக்கிப் போட்டவர் இவர். அதிலும் கோபாஷியின் கைகள் பின்னால் பூட்டப்பட்டிருந்தன. கோபாஷி எழுந்து வந்து, அதே ஆட்டத்தில் இவரைத் தலைகீழாக இறக்கி ஜெயித்து, பட்டத்தை வாங்கி, இரண்டு வருஷம் வைத்திருந்தார். கம்பெனியின் அடுத்த நாயகனை இப்படித்தான் கையில் பிடித்துக் கொடுத்தார்கள். பணத்துக்காக மட்டும் செய்கிற காரியமாக இது தெரியவில்லை. பணம் இல்லாமல் செய்திருப்பார்களா என்றால், அதுவும் இல்லை. கலைக்கும் பிழைப்புக்கும் நடுவில் கோடு போட முடியாத இடத்தில், சம்மதத்தின் கோட்டை மட்டும் தெளிவாகப் போட நினைப்பது நம்முடைய ஆசை. அவ்வளவுதான்.

பார்ப்பதை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் என் மனசாட்சிக்கு நல்லது. அவர்கள் யாருக்கும் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. நான் நிறுத்தப் போவதில்லை. ஆனால் பார்க்கும் விதம் வேறாகியிருக்கிறது. ஒருத்தர் இன்னொருத்தரைப் பின்னாலிருந்து பிடிக்கும்போது, தூக்குகிறவரின் முகத்தை விட்டுவிட்டு, தூக்கப்படுகிறவரின் பாதத்தைப் பார்க்கிறேன். அந்தச் சின்னக் குதிப்பு ஒரு நொடிகூட நீடிக்காது.

சைட்டோ ரெஸ்லிங்கை விடவில்லை. அதே நோவாவில் பல வருஷம் ஆடினார். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அவர் சுமந்த பாரத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு மற்றவர்கள் ஞாபகம் வருகிறார்கள். அந்த ராத்திரிக்குப் பிறகு அவரோடு ரிங்குக்குள் ஏறினவர்கள், மிசாவா பயிற்சி கொடுத்த பையன்கள், கூட வேலை செய்தவர்கள். "உங்க தப்பு இல்ல" என்று அவர்கள் வாயால் சொன்னார்களா தெரியாது. சைட்டோ அவர்கள் இடுப்பைப் பிடித்தபோது, தூக்குவதற்கு வசதியாகக் காலைத் தரையிலிருந்து எடுத்தார்கள்.