பரம்பரையும் பழியும்

இளமையிலேயே நீரிழிவுக்கு ஆளான இருவரை எண்ணிப் பார்ப்போம். இருவரும் நெடுங்காலமாக இன்சுலின் ஏற்றிக்கொள்பவர்கள். இருவரின் குருதியிலும் வெல்லத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றே. முப்பது ஆண்டுகளின் பின் ஒருவர் பார்வையை இழக்கின்றார். மற்றவரின் கண்ணில் பழுதில்லை. பார்வை இழந்தவரை நோக்கி உலகம் இரண்டிலொன்றைச் சொல்லும். "வாயைக் கட்டவில்லை" என்பது ஒன்று. "தலையெழுத்து" என்பது மற்றையது. முன்னையது பழியை நோயாளியின் மீது சுமத்துகின்றது. பின்னையது பொறுப்பு எவருக்குமில்லை என்கின்றது. இவற்றுள் எது நியாயம்?

முதலாம் வகை நீரிழிவில் உடலின் நோயெதிர்ப்பாற்றலே, சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகின்றது. 1922 ஆம் ஆண்டு ரொறன்ரோவில் இன்சுலின் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஏற்றப்படும் வரை, இந்நோய் கண்ட குழந்தைகள் விரைவில் மாண்டனர். இன்சுலின் அவர்களுக்கு ஆயுளை அளித்தது. ஆயுள் நீண்டபோதோ வேறொரு கேடு வெளிப்பட்டது. மிகையான வெல்லம் ஆண்டுக்கணக்காக மயிர்த்துளைக் குழாய்களைப் பழுதாக்க, விழித்திரையும் சிறுநீரகமும் நரம்புகளும் கெட்டன.

ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைக் கொண்டு நடைபெற்ற ஓர் ஆய்வு 1993 இல் தன் முடிவை வெளியிட்டது. வெல்லத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது, கண்ணோய் இல்லாதிருந்தோரிடம் அது தோன்றும் அபாயம் 76 வீதம் குறைந்தது. ஆகவே கட்டுப்பாடு பயனுடையது என்பதில் ஐயமில்லை. ஆயின் அக்கட்டுப்பாடு தனிமனிதரின் மனவுறுதியால் மட்டும் வந்ததன்று. நாள்தோறும் பலமுறை குருதிச் சோதனை, பலமுறை ஊசி, இடையறாது வழிகாட்டிய வைத்தியரும் தாதியரும் எனப் பலரின் உழைப்பு அதன் பின்னே நின்றது.

அவ்வாறு கட்டுப்படுத்தியும் விளைவு எல்லோர்க்கும் ஒன்றன்று. பொஸ்ரன் நகரின் ஜொஸ்லின் நிலையத்தார், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நோயோடு வாழ்ந்தோரை ஆராய்ந்து, அவர்களுட் கணிசமானோர் கடுமையான கண்ணோய்க்கு ஆளாகாதிருக்கக் கண்டனர். 2019 இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 19,000 நோயாளரின் பரம்பரையலகுகளை ஒப்பிட்டது. சிறுநீரக வடிகட்டியின் மென்சவ்வை ஆக்கும் கொலாஜன் புரதத்துக்குரிய அலகிலே காணப்படும் சிறு வேறுபாடொன்று, அதனை உடையோர்க்குக் காப்பாக அமைவதை அது காட்டியது. ஒரே அளவு வெல்லத்துக்கு எல்லோரும் ஒரே விலை கொடுப்பதில்லை. எனவே நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எவருக்கும் உரிமையில்லை.

அங்ஙனமாயின் பரம்பரைதான் புதிய தலையெழுத்தா? அன்று. மேற்கூறிய வேறுபாட்டின் விளைவுங்கூடக் குருதி வெல்லத்தின் அளவைப் பொறுத்தே அமைகின்றது என்பதையும் அதே ஆய்வு கண்டது. பரம்பரை தனித்து நின்று தீர்ப்பளிப்பதில்லை. வெல்லம் மிகுந்தவிடத்தே அதன் வலிமையும் மெலிவும் வெளிப்படுகின்றன. வெல்லம் மிகுவதும் குறைவதுமோ மருந்து கிடைப்பதையும், அதன் விலையையும், சோதனைக்கான வசதியையும் பொறுத்தவை. இவை மனிதர் அமைத்தவை, மனிதரால் மாற்றக்கூடியவை.

இன்சுலினுக்கான காப்புரிமையை 1923 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்கு விற்றனர் அதற்குரியோர். ஒரு நூற்றாண்டு கழியுமுன், செல்வம் கொழித்த ஐக்கிய அமெரிக்காவிலேயே விலை தாளாது மருந்தைக் குறைத்து ஏற்றிக்கொண்டோர் இருந்தனர். அவர்களுடைய கண் கெட்டால் அதற்கு எந்தப் பரம்பரையலகைக் குற்றஞ் சாட்டுவது? இன்னொன்றையும் நாம் மனங்கொள்ள வேண்டும். 2019 ஆம் ஆண்டு ஆய்வில் இடம்பெற்றோர் ஐரோப்பிய வழித்தோன்றல்களே. அறிவின் பங்கீட்டிலும் சமத்துவமில்லை.

இயற்கை மனிதரைச் சமமாகப் படைக்கவில்லை என்பது உண்மை. அவ்வுண்மை, மெலிந்தவரைக் கைவிடுவதற்கான நியாயமாகாது. எவருடைய குருதிக்கலன் எளிதிற் பழுதுறுமோ அவருக்கே கூடுதலான மருந்தும் கவனிப்பும் உரியன. பரம்பரை பற்றிய அறிவு நமக்குத் தருவது இக்கடமையையே.