கைசேதப்பட்டு விற்பவருக்கு



அமெரிக்க நாட்டில் காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகள் உண்டு. 'டிராவல் டிரெய்லர்' என்பார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். விடுமுறையில் பிள்ளைகளோடு காடு மலை சுற்றிவர ஆசைப்பட்டு வாங்குவோரில் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. ஓரிரு பயணம் முடிந்த பிறகுதான் கார் அந்தப் பாரத்தை இழுக்கத் திணறுவதும், நிறுத்த இடமில்லாததும், மாதத் தவணையின் சுமையும் தெரிகின்றன. தவணை வட்டியோடு கூடியதானால் அது தனிப் பாவம். "ஏன் வாங்கினோம்?" என்ற கைசேதம் பிறக்கிறது.

விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கலாமா? வீடு தேடி வந்து விற்ற பொருளை 3 வேலை நாட்களுக்குள் திருப்பித்தர அந்நாட்டு மத்திய விதி இடமளிக்கிறது. கடைக்கே சென்று வாங்கிய வண்டிக்கு அது பொருந்தாது. ஆனால் நம் மார்க்கத்தில் 'இகாலா' என்று ஒன்றுண்டு. விற்ற பொருளைத் திரும்ப ஏற்றுக்கொள்பவரின் பிழையை அல்லாஹ் பொறுத்தருள்வான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. எனவே கேட்பதில் தவறில்லை. ஏற்பது அவருடைய பெருந்தன்மை, கடமையன்று.

அவர் மறுத்தால் பிறருக்கு விற்க நேரும். சோதனை அங்கேதான்! புதிதுபோல் மின்னும் வண்டியின் கூரையில் மழைநீர் கசிந்திருக்கும். துடைத்து வர்ணம் பூசினால் யாருக்குத் தெரியும்? தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரம் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள்; ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள்.

"குறை எதற்கும் நான் பொறுப்பல்ல" என்று எழுதி வாங்கினால் போதாதா? அந்த நிபந்தனையை ஹனஃபி மத்ஹப் ஏற்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் இத்தகைய பொருளுக்கு அது செல்லாது. ஆயினும் தெரிந்த குறையை மறைப்பது ஹராம் என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடில்லை.

ஆகவே கசிவைக் காட்டுங்கள். கடன் பாக்கியைச் சொல்லுங்கள். வாங்கிய விலையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். வாங்க வருபவர் எம்மதத்தவரானாலும் நேர்மை ஒன்றே.

நட்டம் வரும், உண்மைதான். அது நம் அவசரத்தின் விலை. அதைப் பிறர் தலையில் கட்டினால், நம் கைசேதம் இன்னொரு வீட்டுக்குக் குடிபோகும். பாவமோ நம்மிடமே தங்கும். உண்மை பேசிக் குறையை விளக்கும் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிந்துவிடும் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் நபிமொழி.

வாங்குமுன் நிதானத்தையும் விற்கும்போது வாய்மையையும் வல்ல ரஹ்மான் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.