வைஷ்ணவ வீட்டு மருமகளின் சிவராத்திரி

(மகா சிவராத்திரி இரவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இரண்டாம் காலப் பூஜைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. லிங்கோத்பவர் கதையை மூன்றாம் காலத்தில் அந்தச் சந்நிதி வாசலிலேயே சொல்லிக்கொள்ளலாம். இப்போது, இதே போன்ற ஒரு சிவராத்திரி நாளில் உயிர் நீத்த ஓர் அம்மாவை நினைத்துக்கொள்வோம். 1944ஆம் வருஷம், பிப்ரவரி 22ஆம் தேதி. புனாவில் ஆகாகான் மாளிகை. பெயர்தான் மாளிகை, அன்றைக்கு அது சிறை. அங்கே கணவர் காந்தியடிகளின் மடியில் தலை வைத்தபடி கஸ்தூரிபா காலமானார். வயது 74. பிறந்ததும் புகுந்ததும் வைஷ்ணவக் குடும்பம். ஏகாதசி தவறாத அம்மாவைச் சிவபெருமான் தமக்குரிய நாளில் அழைத்துக்கொண்டார்.

அவரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இளையான்குடிக்குப் போய் வருவோம். மாறநாயனார் வீட்டுக்கு, கொட்டுகிற மழையில், அர்த்த ராத்திரியில் ஓர் அடியார் வருகிறார். வீட்டில் குன்றிமணி அரிசி கிடையாது. நாயனார் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். யோசனை சொன்னது யார்? அவர் மனைவி. பகலில் விதைத்த நெல் வயலில் முளைவிட்டிருக்கும், அதை வாரிக்கொண்டு வந்தால் ஆக்கித் தருகிறேன் என்கிறார். விதைநெல்லில் கை வைப்பது என்றால் அடுத்த போகத்தையே விடுவது. விவசாயி வீட்டுப் பெண்ணுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் சொன்னார். நாயனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருட்டில் தடவித் தடவிப் போய், வாரிக்கொண்டு வந்தார். அம்மையார் வாசலிலேயே வாங்கிச் சேறு போகக் கழுவினார். விறகில்லை என்றார், கூரை வரிச்சு அறுந்து வந்தது. ஈர நெல்லை வறுத்து, குத்தி, உலை வைத்தார். அறுபத்து மூவர் வரிசையில் நாயனாருக்குச் சிலை இருக்கிறது. அந்த அம்மையாரின் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. யோசனையும் அவருடையது, உழைப்பும் அவருடையது. பதிவிரதை என்றால் வாய் திறக்காதவள் என்று யாராவது சொன்னால், பெரியபுராணத்தை அவர் சரியாகப் படிக்கவில்லை என்பேன்.

கஸ்தூரிபாவும் வாய் திறந்தவர்தான். 1901இல் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பும்போது இந்தியர்கள் பரிசுகளைக் குவிக்கிறார்கள். அதில் ஐம்பது கினி பெறுமான தங்க ஆரம் ஒன்று, அம்மாவுக்கென்றே கொடுத்தது. எல்லாவற்றையும் சமூகத்துக்கே திருப்பிவிட வேண்டும் என்கிறார் காந்தியடிகள். அம்மா விடவில்லை. நாளைக்கு மருமகள்கள் வந்தால் என்ன போடுவது என்று கேட்டார். என் தொண்டுக்குக் கொடுத்ததா, உன் தொண்டுக்கா என்று கணவர் மடக்கினார். கண்டவர்களையெல்லாம் வீட்டுக்கு அழைத்து வந்தீர்களே, இரவும் பகலும் அவர்களுக்கு அடிமை வேலை செய்தேனே, அது தொண்டு இல்லையா என்று அம்மா திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி தைத்தது என்று காந்தியடிகளே சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். ஆரம் என்னவோ அறக்கட்டளைக்குத்தான் போனது. ஆனால் வழக்கில் ஜெயித்தது யார் என்று கேட்டால், எனக்கு அம்மா பக்கம்தான் தீர்ப்புச் சொல்லத் தோன்றுகிறது.

அதே அம்மாதான் 1913இல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்று தென்னாப்பிரிக்க நீதிமன்றம் சொன்னபோது, தானே முன்வந்து சிறைக்குப் போனார். மூன்று மாதம், கடுங்காவல். அது மாரிட்ஸ்பர்க் சிறை. அதே போராட்டத்தில் சிறை சென்ற நம் தில்லையாடி வள்ளியம்மை நோயை வாங்கிக்கொண்டு வெளியே வந்த சிறையும் அதுதான். வள்ளியம்மை காலமானதும் ஒரு பிப்ரவரி 22ஆம் தேதி, 1914இல்.

இனி சம்பாரண். 1917, பீகார். பிதிஹர்வா கிராமத்தில் ஒரு மூங்கில் குடிசைப் பள்ளிக்கூடம். அம்மா அங்கே பொறுப்பு. அது தீப்பிடித்து எரிந்ததும், செங்கல்லில் கட்டினார்கள். பக்கத்து ஊர்ப் பெண்கள் அழுக்குத் துணியோடு இருக்கிறார்களே, ஏன் துவைப்பதில்லை என்று கேட்டு வரும்படி காந்தியடிகள் அம்மாவை அனுப்பினார். ஒரு பெண் அம்மாவைத் தன் குடிசைக்குள் அழைத்துப் போனாள். பாருங்கள், பெட்டி உண்டா, அலமாரி உண்டா? கட்டியிருக்கிற இந்தப் புடவை ஒன்றுதான். இதை எப்படித் துவைப்பேன்? மகாத்மாஜியிடம் சொல்லி இன்னொரு புடவை வாங்கித் தாருங்கள், தினமும் குளித்து மாற்றிக்கொள்கிறேன் என்றாள். அந்தக் குடிசைக்குள் ஆண்பிள்ளை யாரும் போயிருக்க முடியாது, அந்த வார்த்தையைக் கேட்டிருக்கவும் முடியாது. சமூகத் தொண்டு என்கிறோமே, அது பல சமயம் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் அடுக்களை வரைக்கும் போய்வருவதுதான்.

தாய் என்ற வகையில் அவர் பட்டது பெரிய பாடு. நான்கு பிள்ளைகள். மூத்தவர் ஹரிலால் தகப்பனாரோடு பிணங்கி, குடியில் விழுந்து, ஊர் ஊராகத் திரிந்தார். காட்னி ரயில் நிலையத்தில் நடந்ததாக வரலாறு எழுதியவர்கள் ஒன்று சொல்வார்கள். வண்டி நின்றதும் கூட்டம் மகாத்மாவுக்கு ஜே போடுகிறது. ஒரே ஒரு குரல் மட்டும் மாதா கஸ்தூர்பாவுக்கு ஜே என்கிறது. கந்தல் சட்டையும் பல் போன வாயுமாக ஹரிலால். சட்டைப்பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து அம்மாவிடம் நீட்டுகிறார். எனக்கு ஒன்றும் இல்லையா என்றார் தகப்பனார். இல்லை, இது அம்மாவுக்கு மட்டும்தான், அவளே சாப்பிட வேண்டும் என்றார் மகன். வண்டி நகர்ந்த பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது. கூடை நிறையப் பழம் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளை பட்டினியாக இருந்திருப்பானே, ஒன்றுகூட எடுத்துக் கொடுக்கவில்லையே! ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தாயாக இருந்தவருக்குத் தன் பிள்ளைக்கு ஒரு பழம் கொடுக்க வாய்க்கவில்லை. இதற்கு வேதாந்தத்தில் பதில் தேட வேண்டாம். அந்த அம்மா அழுதார். நாமும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்போம்.

அவர் காலமான பிறகு அவர் பெயரால் நிதி திரட்டினார்கள். ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் சேர்ந்தது, 1944இல்! கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்தான் செலவிட வேண்டும் என்று முடிவானது. பெட்டியில்லாத குடிசைகளைத் தேடி அந்தப் பணம் போனது. நம் பக்கத்தில் அந்த அறக்கட்டளை வேலையை எடுத்துச் செய்தவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார். அவரும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியதுதான் காந்திகிராமம். அங்கே இருக்கும் மருத்துவமனைக்குக் கஸ்தூரிபா பெயர்தான். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகிறவர்கள் சின்னாளபட்டி பக்கம் இறங்கி, ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். மணி அடித்துவிட்டார்கள், அபிஷேகத்துக்குப் பால் கொண்டு வந்தவர்கள் முன்னால் வரலாம்.