சொல்லாமல் விட்டால் பொய்யா?

வேலைக்கு ஏற்றபடி ரெசுமேயில் கல்விப் பகுதியை மாற்றி எழுதுவது பொய்யா?

பொறியியல் நிறுவனத்துக்கு, நம் பட்டம் இஏசி அங்கீகாரம் பெற்றதா என்பது முக்கியம். டியூஷன் சென்டருக்கு எஸ்பிஎம் கணிதமும் தமிழ் இலக்கியமும் முக்கியம். கேட்பவருக்கு வேண்டியதை முதலில் சொல்வதில் தப்பில்லை. 2.7 சிஜிபிஏவை 3.0 ஆக்கினால் அது பொய், சந்தேகமே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கு. "படிச்சவன் சீக்கிரம் ஓடிடுவான்"னு நினைப்பாங்களேன்னு, கடை வேலைக்குப் போகும்போது டிகிரியை மறைக்கிறோம். எழுதிய வரி எல்லாம் உண்மைதான். ஆனால் முதலாளி நம்மை நம்பி வேலை பழக்குகிறார். மூன்றே மாதத்தில் கிளம்பினால் நஷ்டம் அவருக்கு. பிறருக்குத் தீங்கு தராத சொல்லே வாய்மை என்கிறார் வள்ளுவர். மௌனத்துக்கும் அதே அளவுகோல்தானே?

நண்பர்களே, அந்த வரியை விட்டாலும், எத்தனை மாதம் இருப்போம் என்பதை நேர்காணலிலேயே சொல்லிடுவோம்.