கூலியும் கெடுவும்



கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கும் செயின்ட் டேவிட் கோட்டையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அதை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்குப் பேசிய கணக்கு என்ன தெரியுமா? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்! விற்றவர் எத்தனை தூரத்தை நினைத்தாரோ! வாங்கியவர்கள் சென்னையிலிருந்து நல்ல பீரங்கியும், கைதேர்ந்த பீரங்கிக்காரனும் வரவழைத்துச் சுட்டார்கள். குண்டு எட்டிய எல்லைக்குள் இருந்த ஊர்கள் எல்லாம் கம்பெனிக்குப் போயின. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் இன்றும் அதைச் சொல்லிக் கொண்டிருக்கிறது.

நம் வீடுகளிலும் இந்தப் பேரம் நடக்கிறது. படிப்பை முடித்த பிள்ளை ஒருவன், எந்தக் கம்பெனியிலும் சம்பளத்துக்குச் சேராமல், சொந்தக் கையை நம்பி முதன்முதலாக வேலை எடுக்கிறான். கலியாணப் பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுக்கிறான். கடைக்கு மாதக் கணக்கு எழுதுகிறான். வீட்டுக்கு ஒயரிங் செய்கிறான். அவனிடம் நாம் சொல்வது என்ன? “நம்ம பிள்ளைதானே, பார்த்துக் கொடுப்போம்.” இந்தப் “பார்த்துக் கொடுப்போம்” இருக்கிறதே, அதுதான் பீரங்கிக் குண்டு. அது எங்கே விழும் என்பதைப் பணம் வைத்திருப்பவரே முடிவு செய்கிறார். வாப்பாவின் சிநேகிதரிடம் கூலி கேட்கப் பிள்ளைக்கு நா எழாது. நமக்கு அது தெரியும். தெரிந்துதான் பேசாமல் இருக்கிறோம்.

கூலி இவ்வளவு என்று தெரிவிக்காமல் ஒருவரை வேலைக்கு அமர்த்துவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூ ஸயீதுல் குத்ரீ (ரலி) அவர்கள் வழியாக அறிவிக்கப்படுகிறது. ஸூரத்துல் கஸஸைத் திறந்து பாருங்கள். எகிப்தை விட்டு ஓடி வந்த மூஸா (அலை) அவர்கள், கையில் ஒன்றுமில்லாமல் மத்யனில் நிற்கிறார்கள். இரு பெண்களின் ஆடுகளுக்கு, யாரும் கேளாமலேயே தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு நிழலில் ஒதுங்குகிறார்கள். அப்பெண்களின் தந்தை செய்த முதல் காரியம், தண்ணீர் இறைத்ததற்குக் கூலி தருவதற்காக அவர்களை அழைத்துவர மகளை அனுப்பியதுதான்! கேளாமல் செய்த வேலைக்கும் அன்றைக்கே கூலி. அதன் பின்னரே ஒப்பந்தப் பேச்சு. எட்டு ஆண்டு வேலை. பத்தாக்கினால் அது உம் விருப்பம். உம்மைச் சிரமப்படுத்த நான் நாடவில்லை என்று அந்தப் பெரியவர்தாம் முதலில் வாய் திறக்கிறார். இரண்டில் எந்தத் தவணையை முடித்தாலும் என்மேல் குற்றம் வரக்கூடாது என்று மூஸா நபியும் பயமின்றிச் சொல்லி, அல்லாஹ்வைச் சாட்சி வைக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர், முதல் வேலைக்கு வந்த பிள்ளையை இப்படி எதிர்ப்பேச்சுப் பேச விடுகிறோம்?

வேலையை முழுதும் வாங்கிக் கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிரி என்று அல்லாஹ் கூறுவதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. அந்த எச்சரிக்கை நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ‘அடுத்த வாரம் வா’ என்பதும் நம் வாயில் வந்துகொண்டே இருக்கிறது.

கெடு பேசாவிட்டால் எப்போது கொடுப்பது? கடலூர், பரங்கிப்பேட்டைப் பக்கம் இரு மத்ஹபினரும் இருப்பதால் இரண்டையும் சொல்கிறேன். ஷாபிஈ மத்ஹபில், தவணை குறிப்பிடாத கூலி உடனே கொடுக்க வேண்டியது. ஹனபி மத்ஹபில், முன்பணம் பேசியிராவிட்டால், தையற்காரர் போன்றவர் வேலையை முடித்த பிறகே கேட்கலாம். ஆனால் சாயம் தோய்ப்பவர், கூலி வரும் வரை துணியைத் தம்மிடமே நிறுத்தி வைக்கலாம் என்கிறது ஹிதாயா. அவருடைய உழைப்பு அந்தத் துணியில் ஏறி நிற்கிறதல்லவா! சுமை தூக்குபவருக்கு அந்த உரிமை இல்லை. கலியாணப் பத்திரிகை அமைத்த பிள்ளை சாயக்காரரைச் சேர்ந்தவன் என்பது என் கருத்து.

இனி, இடையில் விலகுவது. ஹிஜ்ரி 9இல், அபூபக்கர் (ரலி) அவர்கள் தலைமையில் நடந்த ஹஜ்ஜில், உடன்படிக்கை முடிந்தது என்ற அறிவிப்பை அலீ (ரலி) அவர்கள் மக்களிடம் வாசித்தார்கள். ஸூரத்துத் தவ்பாவின் தொடக்கம் அது. இணைவைப்போருக்கே நான்கு மாத அவகாசம். வாக்கைக் காப்பாற்றியவர்களுக்கு அவர்கள் தவணை தீரும் வரை. பகைவருக்கு நான்கு மாதம் என்றால், கடைக் கணக்கு எழுதும் பிள்ளையை இரவு ஒரு போன் செய்து ‘நாளை முதல் வேண்டாம்’ என்பது எந்த நியாயம்? பதினைந்து நாளோ, ஒரு மாதமோ முன்னரே பேசி வையுங்கள். அந்த நாள் வரைக்கும் கூலி உண்டு. பிள்ளைகளுக்கும் இதுவே. முன்பணம் வாங்கிக் கொண்டு, துபாய் விசா வந்ததென்று பாதி ஒயரிங்கோடு மறைவது அமானத்தை மீறுவதாகும்.

நாட்டுச் சட்டமும் உதவுகிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் பதிவு உள்ள சிறுதொழில் செய்பவருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. தாமதத்திற்கு அச்சட்டம் விதிக்கும் கூட்டு வட்டி நமக்கு ஆகாது. அசலைக் கேட்பதற்குத் தடையே இல்லை.

எழுதி வைக்கச் சொல்லும் ஆயத்து ஸூரத்துல் பகராவில் 282ஆவது. அருள்மறையிலேயே மிக நீண்டது. கடன்பட்டவர், அதாவது கொடுக்க வேண்டியவரே வாசகத்தைச் சொல்லட்டும் என்கிறது அது. ஆகவே வீட்டுக்காரரே சொல்லுங்கள்: வேலை இன்னது, தொகை இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, மீதி இன்ன தேதியில், விலகுவதானால் இத்தனை நாள் முன்பு. பிள்ளை எழுதட்டும், நோட்டுத் தாளும் போதும், வாட்ஸ்அப்பும் போதும்.